வீதியில் அடிபட்ட மான் கறிச்சட்டிக்கு வரலாமா?

நலவாழ்வுப் பகுதி – ஒரு கருத்து



இந்தப் பகுதியில் வழக்கமாக நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோவு, பிள்ளைகளின் தடுப்பூசி என்றுதான் எழுதுவோம். இம்முறை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஓர் இறைச்சிப் பையைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் உடல்நலம் பற்றிய விடயம்தான். கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் மனச்சாட்சியும் சேர்ந்த விடயம்.

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வில்லரேயில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உறவினர் கூடியிருந்தோம். என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மனைவியின் தம்பி ஒரு கனமான பையோடு வந்தார். "அத்தான், மான் இறைச்சி. ஊரிலை சாப்பிட்டதுக்குப் பிறகு இப்பத்தான்" என்றார். வீட்டில் ஒரே கலகலப்பு. "பிள்ளைத்தாச்சிக்கு மான் இறைச்சி நல்லது, உடம்புக்குப் பெலன்" என்று மாமி சொல்ல, மிளகும் சரக்கும் போட்டுப் பிரட்டல் கறி தயாரானது. வாசனை சொல்லி வேலையில்லை. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

மகளின் கோப்பையில் போடப் போகும்போது அவள் கேட்டாள்: "மாமா, இது எங்கை வாங்கினது?" அவர் சிரித்துக்கொண்டு, "வாங்கேல்லை பிள்ளை. லோரன்டீட் பக்கம் 15ஆம் இலக்க நெடுஞ்சாலையிலை அடிபட்டுக் கிடந்ததாம். கூட வேலை செய்யிற பெடியன் எடுத்துக் கராஜுக்குள்ளை வைச்சு உரிச்சவன். பெற்றோலுக்கு நாற்பது டொலர் குடுத்தனான். நாங்கள் கொல்லேல்லையே, சும்மா கிடந்ததுதானே" என்றார்.

"அது எப்ப செத்தது?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மேசையில் இருந்த ஒருவரிடமும் பதில் இல்லை. அவள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். சாப்பாடு பாதியில் நின்றது. மைத்துனருக்கு மனவருத்தம், மாமிக்குக் கோபம். எனக்கோ வெட்கம். பதினெட்டு வருடம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தவன் நான். முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நானே.

அன்று முதல் இதைப் பற்றி விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

உடல்நலம் சொல்வது

மருத்துவமனைச் சமையலறையில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம், இறைச்சி 4 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது. வீதியில் கிடந்த விலங்குக்கு இந்தக் கணக்கை யார் பார்த்தது? "நவம்பர்க் குளிர்தானே, வெளியே ஃபிரிட்ஜ் மாதிரி" என்பார்கள். மானின் குளிர்காலத் தோலும் மயிரும் ஒரு கம்பளிப் போர்வை. வெளியே உறைந்தாலும் உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும். அதோடு வாகனம் மோதியதும் குடல் வெடித்துக் கழிவு இறைச்சியோடு கலந்துவிடுகிறது. கொல்களத்தில் இதை நடக்க விடாமல் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

"நாங்கள் நல்லாய் அவிய விட்டுத்தான் சாப்பிடுவம்" என்பது அடுத்த பதில். அதில் உண்மை உண்டு. உட்பகுதி 74 பாகை வரை வெந்தால் பெரும்பாலான கிருமிகளும் புழுக்களும் சாகும். ஆனால் அந்த இறைச்சியை வெட்டிய கத்தியும் பலகையும் கையும் அதே சமையலறையில் சலாட்டுக்கு வெங்காயமும் வெட்டுகின்றன. 2022இல் சஸ்காச்சுவானின் வடக்கில் வேட்டையாடிய ஒரு கறுப்புக் கரடியின் இறைச்சியை, 45 நாள் உறைய வைத்த பிறகு, தென் டகோட்டாவில் ஒரு குடும்ப ஒன்றுகூடலில் சுட்டுச் சாப்பிட்டார்கள். இறைச்சி கறுப்பு நிறமாக இருந்தபடியால் வெந்ததா வேகவில்லையா என்று தெரியவில்லை. ஆறு பேருக்கு டிரிக்கினெல்லா என்ற புழு நோய். அவர்களில் இருவர் இறைச்சியையே தொடாதவர்கள். அதோடு சேர்த்துச் சமைத்த மரக்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். வட பகுதிக் காட்டு விலங்குகளில் உள்ள அந்தப் புழு வகை உறைகுளிரில் சாவதில்லை. "ஃபிரீசரில் வைத்தால் போதும்" என்ற நம்பிக்கையை இதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன்.

கர்ப்பிணிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மான் போன்ற விலங்குகளின் தசையில் இருக்கக்கூடும். அரைகுறையாக வெந்த இறைச்சி மூலம் தாய்க்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். "பிள்ளைத்தாச்சிக்கு நல்லது" என்று நாம் அன்போடு ஊட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

கடைசியாக மான்களின் நாட்பட்ட மெலிவு நோய். இது மூளையைத் தாக்குவது; பிரியோன் எனப்படும் உருக்குலைந்த புரதத்தால் வருவது. கியூபெக்கில் இது முதன்முதலாக 2018இல், மொன்றியலுக்கும் ஒட்டாவாவுக்கும் இடையிலுள்ள குரோன்வில்-சூர்-லா-ரூஜ் ஊரின் செம்மான் பண்ணை ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான ஒரு சம்பவமும் இதுவரை இல்லை. வீண் பயம் வேண்டாம். ஆனாலும் நோய் உறுதியான விலங்கின் எந்தப் பகுதியையும் உண்ண வேண்டாம் என்பதே கனடா சுகாதார அதிகாரிகளின் அறிவுரை. பிரியோனை எங்கள் அடுப்புச் சூடும் அழிக்காது, ஃபிரீசரும் அழிக்காது.

இதில் இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். 2005இல் அமெரிக்காவின் கொலராடோவில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், வாகனத்தில் அடிபட்ட மான்களிடையே இந்த நோய் மற்ற மான்களை விட அதிகமாகக் காணப்பட்டது. நோயால் தடுமாறும் விலங்கு வாகனத்தைக் கண்டு விலகாது. ஆக, வீதியில் கிடக்கும் மான் காட்டில் துள்ளித் திரியும் மானைப் போன்றது என்று நம்ப முடியாது. ஏன் அடிபட்டது என்பதே முதலாவது கேள்வி.

சட்டம் சொல்வது

கியூபெக்கின் வனவிலங்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரு காட்டு விலங்கைத் தற்செயலாகக் கொன்றவரோ, இறந்து கிடக்கக் கண்டவரோ, அது விதிகளில் குறிப்பிட்ட இனமாக இருந்தால் தாமதமின்றி வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதிகாரி கேட்டால் ஒப்படைக்க வேண்டும். மான், மூஸ், கரடி, கரிபூ எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். மோதியவர் நீங்களா, முன்னால் போனவரா என்பது இங்கே பேச்சில்லை. அறிவித்தீர்களா என்பதே பேச்சு.

இன்னொன்று: வேட்டையாடிய மான், மூஸ் இறைச்சியை இந்த மாகாணத்தில் விற்கவோ வாங்கவோ முடியாது. எங்கள் மைத்துனர் கொடுத்த நாற்பது டொலர் சட்டத்தின் கண்ணில் என்ன என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். என் கண்ணில் அது விலைதான். பெற்றோல் காசு என்று பேர் மாற்றினால் விலை இல்லாமல் போகாது.

அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் நிலை இதைவிடக் கடுமையானது. கனடாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய விலங்கைக் கொல்வதை மட்டும் தடுக்கவில்லை. அதன் உடலையோ உடலின் ஒரு பகுதியையோ வைத்திருப்பதையும், வாங்குவதையும் விற்பதையும் சேர்த்தே தடுக்கிறது. எங்கள் ஜாரி பூங்காவில் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் காட்டு வாத்துகள் அழியும் ஆபத்தில் இல்லாவிட்டாலும், வலசைப் பறவைகளுக்கான தனிச் சட்டம் ஒன்று அவற்றுக்கு 1917 முதல் உண்டு. அதோடு 2022 முதல் பறவைக் காய்ச்சலும் கியூபெக்கின் காட்டுப் பறவைகளில் காணப்பட்டிருக்கிறது. செத்த பறவையை வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

ரொறன்ரோவில் இருக்கும் உறவினர்கள், "ஒன்ராறியோவிலை பதிவு செய்தால் எடுத்துக்கொண்டு போகலாமே" என்பார்கள். உண்மைதான். மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. ஆனால் அங்கும் பதிவு செய்ய வேண்டும். அங்கும் அழியும் ஆபத்திலுள்ள இனங்களுக்கு அனுமதி இல்லை. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசின் சொத்து. கையில் கிடைத்தவர் 48 மணித்தியாலத்துக்குள் காவல்நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ அறிவிக்க வேண்டும். நாடுகள் வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே: கிடந்ததாலேயே அது எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது.

"நாங்கள் கொல்லவில்லையே" என்ற நியாயம்

சட்டத்தை விடுங்கள், நியாயம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. விலங்கு செத்துவிட்டது. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது திரும்பி வராது. கூட்டுக்குள் அடைத்து வளர்த்த கோழியைத் தின்பதை விட, சுதந்திரமாகத் திரிந்து தற்செயலாக இறந்த மானைத் தின்பது குறைந்த பாவம் இல்லையா? விலங்குரிமை பேசுவோரிலேயே இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு மானை மட்டும் பார்த்தால் எனக்கும் மறுக்க முடியவில்லை.

ஆனால் கேள்வி அந்த ஒரு மானோடு நிற்பதில்லை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். தின்பதற்கென்று ஆள் இருப்பதால்தான் விற்பவனும் வருகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். நான் இறைச்சி உண்பவன். அந்த அதிகாரம் முழுவதையும் பின்பற்றுகிறேன் என்று சொன்னால் பொய். ஆனாலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு விடயத்தில் அவர் சொல்வது அப்படியே பொருந்துகிறது. "வீதியில் அடிபட்டது" என்று சொன்னால் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்றால், நாளை சுட்டதும் கண்ணி வைத்துப் பிடித்ததும் "வீதியில் அடிபட்டது" என்ற பேரிலேயே வீட்டுக்கு வரும். சட்டியில் வெந்த பிறகு எது எப்படிச் செத்தது என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பெடியன் சொன்னது உண்மையா என்று எங்கள் வீட்டிலேயே ஒருவருக்கும் தெரியாது.

விலங்கு எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடும். வல்-டோர் பகுதியில் எஞ்சிய கரிபூக்கள் பத்துக்கும் குறைவு. 2020இல் அவற்றைப் பிடித்து வேலிக்குள் வைத்துக் காக்க வேண்டிய நிலை வந்தது. அப்படிப்பட்ட இனத்தில் ஒன்று வாகனத்தில் அடிபட்டால் அதன் உடல்கூட ஆராய்ச்சியாளருக்கு வேண்டும். என்ன வயது, என்ன நோய், எந்த இடத்தில் வீதியைக் கடந்தது என்ற விபரங்கள் மிஞ்சியவற்றைக் காப்பாற்ற உதவும். அதைக் கறியாக்குவது ஊருக்குச் சேர வேண்டிய கடிதத்தை வழியில் கிழித்து அடுப்பெரிப்பது போன்றது. கரிபூவைத் தலைமுறை தலைமுறையாக உணவாகக் கொண்ட முதற்குடி மக்களின் உரிமை வேறு. அதை எங்கள் ஆசைக்குச் சாட்சியாக இழுப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைத் தீட்டு என்ற கணக்கில் நான் எழுதவில்லை. செத்த விலங்கின் இறைச்சியை உண்டார்கள் என்று சொல்லியே எங்கள் சமூகத்தில் சிலரைக் காலங்காலமாக ஒதுக்கி வைத்தோம். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நான் பேசுவது கிருமியையும் சட்டத்தையும் காட்டையும் பற்றி மட்டுமே.

ஊர் நினைவு

மைத்துனரின் ஆசையை நான் விளங்கிக்கொள்கிறேன். வன்னியில் வளர்ந்தவருக்கு மரை வத்தலும் தேனில் ஊறப்போட்ட இறைச்சியும் வெறும் சாப்பாடு அல்ல. அம்மம்மாவின் வீடு, மழைக்காலம், அடுப்படிப் பரண் எல்லாம் சேர்ந்தது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து காட்டோரம் இருந்தவர்கள் கிடைத்ததை உண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

ஆனால் மானும் மரையும் அழுங்கும் இலங்கையிலும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள்தான். அங்குள்ள வனவிலங்குச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நாங்கள் சிறுவராக இருந்தபோது அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அழுங்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். அது மருந்து, இது பெலன் என்று சொல்லிச் சொல்லியே உலகம் முழுவதும் அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பசியில் உண்பதற்கும், நிறைந்த ஃபிரீசர் இருக்கும்போது ஆசைக்கு உண்பதற்கும் வேறுபாடு உண்டு. வில்லரேயில் எங்களில் யாரும் மான் இறைச்சி இல்லாமல் பட்டினி கிடக்கவில்லை.

வீணாகப் போகிறதே?

நல்ல கேள்வி. உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கும் ஒழுங்கான வழி உண்டு. அலாஸ்காவில் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான மூஸ்கள் வாகனத்தில் அடிபடுகின்றன. காவல்துறையினர் பட்டியலில் உள்ள தொண்டு அமைப்புகளை உடனே அழைக்க, அவர்கள் வந்து எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2019 முதல் அடிபட்ட மானை அனுமதிப் பத்திரத்துடன் எடுக்க விடுகிறது. ஆனால் 24 மணித்தியாலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தலையையும் கொம்பையும் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்று மோதியவருக்கு இடமில்லை. எங்கள் பக்கத்திலேயே லோங்கேய் நகரம் 2020இல் பூங்கா ஒன்றில் பெருகிய மான்களில் ஒரு பகுதியைக் கொன்று இறைச்சியை உணவு வங்கிக்குக் கொடுக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு வந்து அப்போது அது நின்றது. அந்தத் திட்டம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் அது வெளிச்சத்தில், எல்லாரும் கேள்வி கேட்கக்கூடியதாக நடந்தது. கராஜுக்குள் இரவில் உரிப்பது அப்படியல்ல.

அனுமதியோடு, பரிசோதனையோடு, பரவலாக உள்ள ஒரு விலங்கின் இறைச்சி ஒருவருக்குக் கிடைத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றால், அது எவ்வளவு புதிதாகச் செத்திருந்தாலும், என் பதில் "வேண்டாம்" என்பதே.

ஞாபகத்தில் வைத்திருக்க

1. மான் மோதும் விபத்துகள் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அதிகம்; அது அவற்றின் இணை சேரும் காலம். விடியலிலும் மாலைக் கருக்கலிலும் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணுங்கள். வசந்த காலத்தில் வீதியோர உப்புநீரைத் தேடி மூஸ் வரும்.

2. மோதிவிட்டால் முதலில் உங்கள் பாதுகாப்பு. அபாய விளக்கைப் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். ஆட்களுக்குக் காயம் என்றாலோ விலங்கு வீதியை மறித்துக் கிடந்தாலோ 911ஐ அழையுங்கள். காயப்பட்ட விலங்குக்குக் கிட்டப் போகாதீர்கள்.

3. கியூபெக்கில் வனவிலங்கு அதிகாரிகளுக்கு அறிவிக்க: 1 800 463-2191. பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை. வீதி இலக்கம், வெளியேறும் வழியின் இலக்கம், விலங்கின் பெயர் சொன்னால் போதும். பிள்ளைகளைப் பேசச் சொல்லலாம்.

4. காட்டு இறைச்சி யார் கொண்டுவந்து தந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன விலங்கு? எப்படி, எப்போது இறந்தது? யாரிடம் அனுமதி பெற்றது? ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் வாங்க வேண்டாம். கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

5. மான் இறைச்சி சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் பண்ணையில் வளர்த்து, பரிசோதித்து முத்திரையிட்ட இறைச்சியைக் கடையில் வாங்குங்கள். ஜோன்-தலோன் சந்தைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று பற்றுச்சீட்டு சொல்லும்.

எங்கள் வீட்டுக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மிச்ச இறைச்சியை இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எங்கள் கெட்டித்தனம் அல்ல, அதிர்ஷ்டம். மைத்துனர் இரண்டு கிழமை எங்களோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே தொலைபேசியில் அந்த அதிகாரிகளின் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். தை மாதம் பேரன் சுகமாகப் பிறந்தான். முதலில் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்போடு கொண்டுவந்த பையைத் திறந்து கேள்வி கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் விடுவோம். அடுத்தமுறை யாராவது "சும்மா கிடந்ததுதானே" என்று சொன்னால், கத்தியை எடுக்க முதல் தொலைபேசியை எடுப்போம்.